இரண்டு சர்க்கார், ஒரே ஊசி

பீர்மேட்டு ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்த உத்தரவில் "அன்னிய ராஜ்யத்தில் விசேஷ வேலை" என்று எழுதியிருந்தது. கூட வேலை பார்த்த நர்சுகள் என்னைக் கப்பலேறப் போகிறவளைப் போலப் பார்த்தார்கள். ஒருத்தி மாங்காய் ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். நான் போகவேண்டியிருந்தது கம்பத்துக்கு. குமுளி வளைவில் நின்று குனிந்து பார்த்தால் தெரிகிற பள்ளத்தாக்கு அது. ஆனாலும் அவர்கள் நினைத்தது தப்பில்லை. குமுளி எல்லைக் கேட்டுக்கு மேலே திருவிதாங்கூர் மகாராஜாவின் சர்க்கார். கீழே வெள்ளைக்காரனின் சர்க்கார். மேலே சக்கரக் காசு, கீழே அணா. மேலே கர்க்கடக மாதம் என்றால் கீழே ஆடி.

யுத்த காலம் அது. பள்ளத்தாக்கில் வாந்திபேதி கண்டிருந்தது. ஏலக்காய் எடுப்புக்கு மலையேறும் கூலியாட்கள் இரண்டு ஊசி போட்டிருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட் திறக்காது என்று எங்கள் சர்க்கார் சொல்லிவிட்டது. கீழே ஒரு ஊசிதான் வழக்கம். அதையும் போடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். ஆண்பிள்ளையிடம் கையை நீட்டமாட்டோம் என்று பெண்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அந்தத் தாலுகாவில் இந்த வேலைக்கு நர்ஸ் கிடையாது. கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரிய அதிகாரிகளும் பேசி, மேலேயிருந்து ஒரு பெண்ணை இரவல் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். தமிழ் தெரிந்தவளாக இருக்கவேண்டும் என்றதும் என்னைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. வீட்டிலும் தேவாலயத்திலும் தமிழ், ஆஸ்பத்திரியில் மலையாளம். மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், லீவு விண்ணப்பம் எல்லாம் மலையாளம். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் உத்தியோக முறையில் தமிழில் ஒரு வரி எழுதியதில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததுமில்லை, கம்பத்துக்குப் போகும்வரை.

துணைக்கு எங்கள் ஆஸ்பத்திரிச் சேவகர் குட்டன் பிள்ளை வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, மேலே சர்க்கார் முத்திரை போட்ட பட்டை. எங்கள் பக்கத்தில் மேலுத்தியோகஸ்தர் ஆணானாலும் பெண்ணானாலும் "ஸாறே"தான். அவர் என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் பஸ்ஸில் இருந்தவர்கள் எந்த ஆண்பிள்ளையைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்ரோல் கிடைக்காத நாள். பஸ்ஸின் பின்னால் பீப்பாய்போல ஒன்றை வைத்துக் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். இறக்கத்தில்கூட அது நின்றது. நின்றபோது டிரைவர், "எல்லாரும் எறங்குங்க, ஆளுக்கு ஒரு கல்லு எடுத்துச் சக்கரத்துக்கு அடியில போடுங்க" என்றார். குட்டன் பிள்ளை அசையவில்லை. "நான் திருவிதாங்கூர் சர்க்கார் ஆள். இந்த ராஜ்யத்துக் கல்லைத் தொட எனக்கு உத்தரவில்லை" என்று மலையாளத்தில் சொன்னார். டிரைவருக்கு அது நன்றாகவே புரிந்தது. "அப்ப உங்க ராஜ்யத்துலருந்து ஒரு கல்லு கொண்டாந்திருக்கலாம்ல?" என்று தமிழில் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. குட்டன் பிள்ளையும் இறங்கினார்.

மலையை விட்டுக் கீழே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் விடாமல் மழை கொட்டும். இங்கே மழை இல்லை, காற்று மட்டும்தான். முந்தானையை ஒரு கை பிடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்கள். எங்கள் மலையில் பெய்த மழைதான் அணையில் தேங்கிச் சுரங்கம் வழியாக இறங்கி இங்கே வாய்க்காலில் ஓடுகிறது என்று தெரியும். தெரிந்திருந்தும் அந்தப் பச்சையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மேலே அரிசிக்குத் தட்டுப்பாடு. மாதக்கணக்காக நாங்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்தும் வறுத்தும் இடித்தும் தின்றுகொண்டிருந்தோம். அன்று மத்தியானம் கம்பத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை நிறைய நெல்லுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். தேங்காய் வாசனை இல்லாத, நல்லெண்ணெய் மிதக்கிற குழம்பு. எங்கள் நாக்குக்குப் பழக்கமில்லாத ருசி. நான் மூன்று முறை சோறு வாங்கினேன். குட்டன் பிள்ளை நான்காவது முறைக்கும் கையை நீட்டினார்.

சாப்பிட்டு எழுந்தபோது வாசலில் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு ஒருவர் நின்றிருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தக்கைத் தொப்பி. "குட் ஆஃப்டர்நூன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் தங்கராஜ்" என்று கையை நீட்டினார். நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் நீட்டிய கையை எடுத்துக் கும்பிட, நான் கும்பிட்ட கையை எடுத்து நீட்ட, இரண்டும் ஒன்று சேரவில்லை. எங்கள் இரண்டு சர்க்காரும் முதன்முதலில் சந்தித்தது அப்படித்தான்.

அவர் போடிக்காரர். வீட்டில் எல்லோரும் ஏலக்காய் வியாபாரம். கிறிஸ்தவக் குடும்பம். இவர் மட்டும் கடையில் உட்காராமல் உத்தியோகத்துக்கு வந்திருந்தார்.

"நீங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு நின்னேன். மேல அரிசி இல்லைன்னு சொன்னாக" என்றார்.

அவர் என்னைக் கூட்டிப்போன ஆபீசில் தாழ்வாரத்துப் பலகையில் சுகாதார விளம்பரங்கள் ஒட்டியிருந்தன. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ஈ மொய்த்த பண்டம் தின்னாதீர்கள் என்கிற சங்கதிகள்தான். ஆனால் அவை தமிழில் இருந்தன. கிராமத்திலிருந்து வந்த ரிப்போர்ட்டுகள் தமிழில் இருந்தன. ஒரு குமாஸ்தா சத்தமாகத் தமிழில் படிக்க, இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பலகையின் முன் நின்று ஈயைப் பற்றியது வரை எல்லாவற்றையும் படித்தேன். "மேலிடத்து உத்தரவெல்லாம் இங்கிலீஷ்தான், நர்ஸம்மா. கீழ் ஆபீஸ்ல மட்டும்தான் தமிழு" என்று தங்கராஜ் சொன்னார். கீழே மட்டும் இருந்தால் போதாதா என்று எனக்குத் தோன்றியது. என் அறிவுக்கும் கைக்கும் நடுவில் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுநாள் கோம்பைக்குப் போனோம். தலையாரி காலையிலேயே தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாவடியில் மேஜை, நாற்காலி, மறைப்புக்கு ஒரு திரை. ஆண்கள் சிலர் வந்து நின்றார்கள். பெண் ஒருத்தியும் வரவில்லை. காற்று மட்டும் இரண்டு முறை வந்து திரையைத் தூக்கிப்போனது.

"எப்பவும் இப்படித்தான்" என்றார் தங்கராஜ். "தமுக்கடிச்சுக் கூப்பிடுவோம். வர்றவுகளுக்குப் போடுவோம்."

"எங்க ஊர்ல வீடு வீடாப் போவோமாக்கும்" என்றேன்.

எங்கள் பக்கம் தெரு என்று ஒன்று கிடையாது. ஒரு தோட்டத்துக்குள் ஒரு வீடு, அதைத் தாண்டி அடுத்த தோட்டத்தில் இன்னொரு வீடு. தமுக்கடித்தால் தென்னை மரங்களுக்குத்தான் கேட்கும். அதனால் சுகாதார வேலை என்றாலே எங்களுக்கு நடை. இங்கே வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தன. ஒரு தமுக்கில் ஊரே கேட்டுவிடும். அதனால் இவர்களுக்கு நடக்கவேண்டிய தேவை வரவில்லை. பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது.

"உத்தியோகஸ்தன் வீடு வீடா ஏறி எறங்கினா மரியாதை போயிரும்னு எங்க ஆபீஸ்ல சொல்லுவாக" என்று அவர் தயங்கினார்.

"எங்க ஆபீஸ்ல போகலன்னா ஏன் போகலன்னு கேப்பாங்க."

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, வாங்க."

முதல் தெருவில் காலை வைத்ததும் ஒரு கோம்பை நாய் வந்தது. செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி. அது என்னை விட்டுவிட்டது, இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டது, திருவிதாங்கூர் முத்திரையைக் கண்டதும் பாய்ந்தது. குட்டன் பிள்ளை அந்த வயதில் ஒரு மாட்டுவண்டியின் மேல் தாவி ஏறி நின்று மகாராஜாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து, "ஏலே, சும்மா கெட" என்று ஒரு அதட்டல் போட்டாள். நாய் உட்கார்ந்துவிட்டது.

அவள் பெயர் பேச்சியம்மா. என் வயதுதான் இருக்கும். என்னையும் மருந்துப் பெட்டியையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊசிக்கு வந்த நர்ஸம்மா நீங்கதானா? பெறகு எதுக்குத் தமுக்கடிச்சாக? தமுக்குன்னா வரி கேக்க வருவாக, இல்லேன்னா பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வருவாக. பொம்பளையாளு எவ வெளிய வருவா?"

உள்ளே கூப்பிட்டாள். போனேன். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு வயதான அம்மாள் மட்டும் வாசற்படியிலேயே நின்று, "இந்த ஊசி இன்னும் யார் யாருக்குக் குத்தும்?" என்று கேட்டாள். கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே இருந்த சேரிக்கும் நான் போகவேண்டியிருந்தது. இதே ஊசியோடுதான் போகவேண்டும். பொய் சொல்ல மனமில்லை. "எல்லாருக்கும்" என்றேன். "ஒவ்வொரு தடவையும் கொதிக்க வச்சுத்தான் எடுப்பேனாக்கும். நீங்களே பாருங்க."

பேச்சியம்மா தன் அடுப்பிலேயே தன் சட்டியில் தண்ணீர் வைத்தாள். ஊசிகளைப் போட்டோம். தண்ணீர் கொதித்து ஊசிகள் சட்டிக்குள் கிணுகிணுக்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மா முதலில் கையை நீட்டினாள். அதன் பிறகு அந்த அம்மாள், "அடுப்புல வெந்தது. இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நாங்கள் போன எல்லா வீட்டிலும், சேரியிலும்கூட, அந்த வீட்டு அடுப்பில்தான் ஊசி கொதித்தது. எங்கள் விதிப் புத்தகத்திலும் அது இல்லை, அவர்கள் விதிப் புத்தகத்திலும் இல்லை.

சாயங்காலத்துக்குள் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் என்னைப்போல 'ஆக்கும்' சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "வலிக்குதாக்கும்", "வீங்குதாக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு உத்தியோகம் மறந்துபோகும்.

மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. புதுப்பெட்டி மதுரையிலிருந்து தேனிக்கு பஸ்ஸில் வரும் என்று தகவல். வாங்கிவரத் தங்கராஜும் நானும் போனோம். தேனியை நெருங்கும்போது ரோட்டுக்குப் பக்கமாக ஒரு மண்மேடு கூடவே வந்தது. மேலே ஒன்றுமில்லை, புல் முளைத்திருந்தது.

"ரயில் பாதை" என்றார். "மதுரைலருந்து போடிக்கு ஓடுச்சு. யுத்தத்துக்கு இரும்பு வேணும்னு தண்டவாளத்தப் பேத்துக் கொண்டுபோயிட்டாக. எங்க ஊர்ல இன்னமும் சாயங்காலம் ஆனா ஜனங்க ஸ்டேஷன் பக்கம் போயி நின்னுட்டு வர்றாக."

தேனியில் அன்று சந்தை. மிளகாய் மூட்டையும் வெங்காய மூட்டையுமாக நெடி கண்ணைக் கரித்தது. கடைப் பலகைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே நடந்தேன். பஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். பருத்திக் கொட்டையை ஆட்டிப் பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. மாட்டுக்குப் போடுகிற கொட்டையில் இப்படி ஒரு ருசி உண்டென்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திடீரென்று சொன்னார். "என் வீட்டுக்காரி வாந்திபேதியிலதான் போனா. சில வருஷமாச்சு. ஊசி போட ஆள் வந்தப்ப, ஆம்பளைட்ட கைய நீட்டமாட்டேன்னு சொல்லிருச்சு. எங்க வீட்டுக்காரரு வரட்டும், அவரு போடட்டும்னு இருந்திருக்கு. நான் கேம்ப்புல இருந்தேன். வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நர்சுகளுக்கு இந்த மாதிரி நேரத்துக்கென்று சில வார்த்தைகள் உண்டு. அவை எல்லாம் எனக்கு மலையாளத்தில்தான் பழகியிருந்தன.

"அதுலருந்து பொம்பள நர்ஸ் ஒண்ணு வேணும்னு எழுதிக்கிட்டே இருக்கேன். எங்க பக்கம் கெடைக்கல. கடைசில உங்க ராஜ்யத்துக்கு எழுதினாக. நீங்க வந்தீக."

பஸ் வந்தது. மருந்துப் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கனமான பெட்டி இல்லை. ஒருவரே தூக்கியிருக்கலாம்.

கம்பத்துக்குத் திரும்பினால் ஆபீஸ் வாசலில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். மலையிலிருந்து இறங்கிய ஒருவன் தகவல் சொல்லியிருக்கிறான்: வண்டன்மேட்டுப் பக்கம் எஸ்டேட்டில் அவள் புருஷனுக்குக் கடுமையான காய்ச்சல், லயம் என்கிற கூலிக் குடியிருப்பில் தனியாகக் கிடக்கிறான், கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை.

"நான் போகணும் தாயி."

"ரெண்டாவது ஊசி போடல. ஒரு வாரம் ஆகணும். கேட்ல விடமாட்டாங்க."

"இந்த சர்க்காருக்கு ஒண்ணு போதும்ங்கிறாக. அந்த சர்க்காருக்கு ரெண்டு வேணும்ங்கிறாக. ஒரே சீக்குதான? நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்க்கிறதுக்குள்ள எம் புருசன் போயிருவான்." அவள் அழவில்லை. "விடலைன்னா காட்டுப்பாதையில ஏறிருவேன். அரிசி கடத்துறவுக ஏறுற பாதை. எனக்குத் தெரியும்."

அந்தப் பாதையில் ஏறியவர்களில் சிலர் பாறையில் வழுக்கி விழுந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் சிறை. நான் தங்கராஜைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவள் பக்கம் அவருடைய சர்க்கார், கேட்டின் பக்கம் என்னுடைய சர்க்கார். இரண்டு பேரிடமும் அதிகாரம் இல்லை.

பேசியது குட்டன் பிள்ளைதான். அதுவரை சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ஸாறே, பீர்மேட்டுக்குக் காலி மருந்துப் பெட்டி திருப்பி அனுப்பவேண்டும் அல்லவா? நான் வயதானவன். பெட்டி தூக்க முகாமுக்கு ஒரு ஆள் வேண்டும். முகாமின் ஆள் சர்க்கார் ஆள். சர்க்கார் ஆளுக்குக் கேட்டில் ஊசி கேட்கிற வழக்கம் இதுவரை இல்லை" என்றார். பஸ்ஸில் ஒரு கல்லைத் தொட உத்தரவு கேட்டவர் அவர்.

யோசித்தேன். ஒரு ஊசி போட்டாயிற்று. அவளுக்கோ அவள் வீட்டாருக்கோ நோய்க்குறி எதுவுமில்லை. கோம்பையில் அவள் தெருவில் ஒருவருக்கும் கண்டிருக்கவில்லை. ஆனாலும் மேலே போய் அவளுக்கு ஏதாவது ஆனால் அந்த லயம் முழுக்கப் பரவும். அதற்கு நான்தான் பொறுப்பு. என் வேலை போவது அதில் சின்ன விஷயம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும், எஸ்டேட் கிணற்றில் கை நனைக்கக்கூடாது, ஒரு வாரம் கழித்துக் குமுளிக்கு வந்து இரண்டாவது ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். பிறகு முகாமின் ஆள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தங்கராஜ் கேட்காமலேயே என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். இரண்டு சர்க்காரும் அதில் ஒன்றாயின.

"ஆத்தா, இவரு கூட பத்திரமாப் போ" என்றார் அவளிடம். குட்டன் பிள்ளையிடம் திரும்பி, "ஸாறே, பாத்துக்கங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதை அப்போதுதான் கவனித்தேன்.

குட்டன் பிள்ளை திரும்பிவர நான்கைந்து நாளானது. அந்த நாட்களில் நாங்கள் உத்தமபாளையம் பக்கத்துத் தெருக்களில் நடந்தோம். இப்போது தங்கராஜே முன்னால் போய்க் கதவைத் தட்டினார். "ஏம்மா, அடுப்புல தண்ணி வையிங்க, நர்ஸம்மா வந்திருக்காக" என்று குரல் கொடுத்தார். நடந்த களைப்பில் ஏதாவது ஒரு வீட்டில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கிடைக்கும். சாப்பிடும்போது அவரோ நானோ ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்போம், கரி பஸ்ஸின் புகை தெரிகிறதா என்று.

கடைசியில் ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து குட்டன் பிள்ளை இறங்கினார். வேட்டியெல்லாம் சேறு. பெட்டியை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கவேண்டியவர், எஸ்டேட் வரை அவளோடு நடந்து போயிருக்கிறார்.

"வாந்திபேதி இல்லை ஸாறே. மலைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து கொயினா மருந்து வாங்கிக்கொண்டு போனோம். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். இவளைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்டான் தெரியுமா? 'நாயை யாரு பாத்துக்கிறா'ன்னு. இவள் அவனை அடிக்கப் போனாள். நான் வரும்போது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்."

தங்கராஜ் வெளியே போய் வெகுநேரம் கழித்து வந்தார். முகம் கழுவியிருந்தார்.

இரண்டாவது ஊசியும் போட்டு முடித்து, நான் மலையேறும் நாள் வந்தது. பஸ் ஸ்டாண்டில் கரி மூட்டிக்கொண்டிருந்தார்கள். அது பற்றுவதற்கு நேரமாகும். எங்கள் இரண்டு பேருக்கும் அது சீக்கிரம் பற்றிவிடக்கூடாது என்றிருந்தது. கோம்பைப் பெண்கள் சிலர் வந்து வழியனுப்பினார்கள். ஒருத்தி மடியிலிருந்து கொஞ்சம் அரிசி எடுத்து நீட்டினாள். கேட்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதில் ஒரு கைப்பிடியை என் வாயில் போட்டு, "இத எப்படிப் பிடிப்பாக?" என்றாள்.

பஸ் உறுமத் தொடங்கிய பிறகுதான் தங்கராஜ் பேசினார்.

"நர்ஸம்மா, இங்கன நிரந்தரமா ஒரு நர்ஸ் போஸ்ட் வேணும்னு மேல எழுதலாம்னு இருக்கேன்."

"எழுதுங்க."

"ஆள் பேரும் சேர்த்து எழுதணும். இன்னாரு இருந்தா நல்லதுன்னு." தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "இங்கனயே தங்குற மாதிரி ஆளா இருக்கணும். உங்களுக்கு ஆட்சேபனை ஏதும் இருக்கா?"

அது வேலைக்கான கேள்வி மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் உத்தியோகஸ்தர்கள். எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியவில்லை.

"ஆட்சேபனை இல்லையாக்கும்" என்றேன்.

பீர்மேட்டில் மழை விடவே இல்லை. பேச்சியம்மா சொன்ன நாளில் குமுளிக்கு வந்து கையை நீட்டிவிட்டுப் போயிருந்தாள். எஸ்டேட் லயங்களுக்குப் போகும்போது நான் தமுக்கடிக்கச் சொன்னேன். லயத்து வீடுகள் கோம்பைத் தெருபோலவே ஒட்டிக்கொண்டிருப்பவை, ஆட்கள் ஒரேயடியாக வந்துவிட்டார்கள். மேலதிகாரி இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். கீழேயுள்ள வழக்கம் என்றேன். கீழே வீடு வீடாகப் போகச் சொல்லி உத்தரவு வந்திருப்பதாகப் பஸ் டிரைவர் மூலம் தகவல் வந்தது. தபால் பை வரும் நாட்களில் நான் காரணமில்லாமல் ஆபீஸ் பக்கம் போய் நின்றேன். வழக்கமெல்லாம் கேட்டைத் தாண்டி வந்தது, போனது. எனக்கான பதில் மட்டும் வரவில்லை.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு நாள் அவரே வந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மழையில் நனைந்த காக்கியோடு நின்றார். நான் அவருக்குச் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் சொன்னார்.

"மேலிடத்துல மறுத்துட்டாக. அன்னிய சமஸ்தானத்து ஆளுக்கு இங்கன உத்தியோகம் கொடுக்க விதி இல்லையாம்."

உள்ளே ஒரு குழந்தை அழுதது, நான் போகவில்லை. இத்தனை மாதமாக ஒரு பதவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்டாகவேண்டும். அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தது.

"போஸ்ட்டைத்தானே மறுத்தாங்க?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க வேலை?"

"அதை நான் விடமாட்டேன்."

"என் வேலைய நானும் விடமுடியாது."

"தெரியும்" என்றேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து போடி தேவாலயத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. ஒரு வார லீவு முடிந்ததும் நான் மலையேறினேன். அவர் கம்பத்தில் இறங்கிக்கொண்டார். அதன்பிறகு பல வருஷங்கள் எங்கள் குடித்தனம் இரண்டு ராஜ்யத்தில் நடந்தது. சனிக்கிழமைகளில் அவர் மேலே வருவார். மழையில் ரோடு அறுந்துபோனால் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குமுளி வரை நானும் கூடவே போவேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் என்னை இறக்கிவிட்டு பஸ் கீழே இறங்கத் தொடங்கும். ஒரு வளைவில் தெரியும், மறையும், அடுத்த வளைவில் இன்னும் சின்னதாகத் தெரியும். கரிப் புகை மட்டும் கொஞ்ச நேரம் மரங்களுக்கு மேலே நிற்கும். அதுவும் கலையும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்புவேன்.